வெட்டிய வடிகால் யாருக்குச் சொந்தம்? ஷார்மன் கிராஃபோர்டும் அல்ஸ்டர் வழக்கமும்

அயர்லாந்தின் வடக்கே டவுன் மாவட்டத்தில், 1830களில், பத்துப் பன்னிரண்டு ஏக்கர் குத்தகை நிலம் வைத்திருக்கும் ஒரு குடியானவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். மழைக்குக் குறைவில்லாத நாடு அது. தண்ணீர் வரவில்லையே என்று அங்கே யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. வந்த தண்ணீர் வடியவில்லையே என்றுதான் தரையைப் பார்ப்பார்கள். ஆகவே அவர் குளிர்காலம் முழுக்க வடிகால் வெட்டுகிறார். அடியில் கல் பரப்பி மேலே மண்ணை மூடுகிறார். சுண்ணாம்பு இட்டு மண்ணின் புளிப்பைப் போக்குகிறார். வயலில் பொறுக்கிய கல்லைக் கொண்டே வேலிச் சுவரும் வீடும் எழுப்புகிறார். எட்டுப் பத்து ஆண்டுகளில், கோரை மண்டிக் கிடந்த இடத்தில் ஓட்ஸும் ஆளிச்செடியும் விளைகின்றன.

அப்போது நிலக்கிழாரின் காரியஸ்தர் வந்து சேர்கிறார். நிலம் நன்றாக இருக்கிறதே, குத்தகையை ஏற்றலாமே என்கிறார். கட்ட முடியாது என்றால் முறைப்படி அறிவிப்பு கொடுத்து, காலி செய்யச் சொல்லலாம். வீடு? நிலத்தோடு ஒட்டியிருக்கிறது. சுவர்? அதுவும்தான். வடிகாலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டா போக முடியும்?

மண்ணோடு சேர்ந்தது மண்ணுக்கு உடையவருக்கே என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. அதன்படி பார்த்தால் அந்தக் குடியானவர் பத்து ஆண்டுகளாக அடுத்தவர் சொத்துக்கு அன்பளிப்புச் செய்திருக்கிறார். கேட்காமல் கொடுத்த அன்பளிப்புக்கு யார் காசு தருவார்கள்?

இந்த அபத்தத்தைச் சட்டத்தால் சரிசெய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1835 முதல் 1852 வரை மசோதாவுக்கு மேல் மசோதாவாகக் கொண்டுவந்தவர் வில்லியம் ஷார்மன் கிராஃபோர்ட். அவற்றில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. இருந்தும், விக்டோரியா காலத்து அயர்லாந்தின் நிலச் சீர்திருத்தத்தை முதன்முதலாகப் படிப்பவர்கள் அவரிடமிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். பின்னால் வந்த பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனும் அயர்லாந்துத் தலைவர் பார்னெலும் பெரிய பெயர்கள். ஆனால் சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது இவருடைய தோல்விகளில்தான் தெளிவாகத் தெரிகிறது.

வழக்கம் என்றால் என்ன?

அயர்லாந்தின் வட மாநிலமான அல்ஸ்டரில் ஒரு நடைமுறை இருந்தது. ஒரு குத்தகையாளர் நிலத்தைவிட்டுப் போவதானால், அடுத்து வருபவரிடம் தம்முடைய இருப்புரிமையை விலைக்கு விற்கலாம். நிலம் நிலக்கிழாருடையது, அதில் மாற்றமில்லை. புதிதாக வருபவர் நிலக்கிழாருக்கு வழக்கமான குத்தகையைக் கட்டிவருவார். அதற்கும் மேலாக, வெளியேறுபவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். கடை கைமாறும்போது பழைய வாடகைதாரருக்குப் பகடிப் பணம் கொடுப்பதை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இந்தத் தொகை சில இடங்களில் ஆண்டுக் குத்தகையைப் போலப் பத்து மடங்குவரைகூட எட்டியது.

இதற்கு நிலக்கிழார் ஏன் சம்மதித்தார்? அவருக்கும் இதில் லாபம் இருந்தது. புதிதாக வருபவர் அவருக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும். தவிர, வெளியேறுபவர் வைத்திருக்கும் குத்தகைப் பாக்கியை விற்ற பணத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்ளலாம். வசூலுக்கு இதைவிட நல்ல பிணை எது? ஆகவே அல்ஸ்டரின் பெரிய பண்ணைகள் பலவற்றில் இந்த வழக்கத்துக்கு மரியாதை இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேற்றப்பட்ட காலத்தில் இது தோன்றியது என்பார்கள் சிலர். பிறகு மெதுவாக வளர்ந்தது என்பார்கள் வேறு சிலர். எப்படி வந்ததோ, 19ஆம் நூற்றாண்டில் டவுன் மாவட்டத்துக் குடியானவர் இதைத் தம் பெட்டியில் பூட்டிவைத்த சொத்தைப் போலத்தான் நினைத்தார். அதை நம்பிக் கடன் கொடுக்கவும் ஆள் இருந்தது.

அயர்லாந்தின் தெற்கிலும் மேற்கிலும் இந்தப் பாதுகாப்பு மிக அரிது. அங்கே பெரும்பாலான குடியானவர்கள் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், நிலக்கிழார் விரும்பும்வரை இருப்பவர்கள். போதாததற்கு ஒரு தந்திரமும் உண்டு. புதிதாக வருபவரிடம் முதல் ஆறு மாதக் குத்தகையைக் கேட்கமாட்டார்கள். ஒரு தவணை பின்தங்கியே கட்டிவரட்டும் என்று விட்டுவிடுவார்கள். பார்க்கப் பெருந்தன்மை போலத் தோன்றும். ஆனால் அந்தக் குடியானவர் எந்த நாளும் பாக்கிக்காரர்தான். நினைத்த மாத்திரத்தில் அவருடைய மாட்டை ஜப்தி செய்யலாம். தலைக்குமேல் தொங்கும் அந்தத் தவணையைத் ‘தொங்கு தவணை’ என்றே ஊரில் சொன்னார்கள்.

வழக்கத்துக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அது சட்டம் அல்ல. நிலக்கிழார் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. நேரடியாக மறுக்கவும் தேவையில்லை. குத்தகையை ஏற்றினாலே போதும். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக் குத்தகை 10 பவுண்டு, இருப்புரிமையின் விலை 100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நிலக்கிழார் குத்தகையை 15 பவுண்டாக்குகிறார். இனி அந்த நிலத்தை எடுப்பவர் ஆண்டுதோறும் 5 பவுண்டு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றால், முன்பு கொடுக்க நினைத்த 100 பவுண்டை ஏன் கொடுப்பார்? 40 கொடுத்தால் பெரிது. இன்னும் ஒருமுறை ஏற்றினால் விலை பூஜ்யத்துக்கு வந்துவிடும். யாரையும் வெளியேற்றவில்லை, எந்த வழக்கத்தையும் மீறவில்லை. ஆனால் குடியானவரின் 100 பவுண்டு நிலக்கிழாரின் பைக்குள் போய்விட்டது.

பின்னாளில் நிலப் போராட்டத்தின் முழக்கமாக மாறிய மூன்று கோரிக்கைகள் ஏன் எப்போதும் ஒன்றாகவே பேசப்பட்டன என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: நியாயமான குத்தகை, நிலையான இருப்பு, தடையற்ற விற்பனை. குத்தகைக்கு வரம்பு இல்லாவிட்டால் விற்கும் உரிமை வெறும் காகிதம். வெளியேற்றத்துக்குத் தடை இல்லாவிட்டால் குத்தகை வரம்பும் காகிதம்.

நிலக்கிழாரே கேட்ட சட்டம்

கிராஃபோர்ட் 1780இல் டவுன் மாவட்டத்தில் பிறந்தார். பிறந்தபோது வெறும் ஷார்மன்; மனைவி வழியில் வந்த சொத்தோடு கிராஃபோர்ட் என்ற பெயரும் 1827இல் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சொந்தக்காரர், புராட்டஸ்டன்ட். அவருடைய சுயநலம் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். தம் பண்ணையில் அவர் வழக்கத்தை மதித்தார். அது தமக்கும் நல்லது, குடிகளுக்கும் நல்லது என்று கண்டார். தாம் மதிப்பதை மற்றவர்களும் மதித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும் என்பதே அவர் கோரிக்கை.

1832இல் பெல்ஃபாஸ்ட்டில் நின்று தோற்றார். 1835இல் டண்டாக் நகரின் உறுப்பினராகி அந்த ஆண்டே முதல் மசோதாவுக்கு அனுமதி கேட்டார். அடுத்த ஆண்டு மறுபடியும். மேலோட்டமாகப் பார்த்தால் அடக்கமான கோரிக்கைதான். நிலக்கிழார் ஒருவரை வெளியேற்றினால், அவர் தம் செலவில் செய்த மேம்பாடுகளுக்கு மதிப்புப் போட்டு ஈடு தர வேண்டும். குத்தகைக்கு வரம்பு, நிலப் பங்கீடு எதையும் அவர் அப்போது கேட்கவில்லை. வடிகாலுக்கு விலை கேட்டார், அவ்வளவுதான்.

அயர்லாந்தின் பெருந்தலைவர் டேனியல் ஓகானலோடு அவருக்கு ஒத்துவரவில்லை. அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்றவர் ஓகானல். கூட்டாட்சி போதும் என்றவர் இவர். 1837இல் டண்டாக் தொகுதி கைநழுவியது. அதே காலத்தில் அனைத்து ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட ‘மக்கள் சாசனம்’ உருவான குழுவிலும் இவர் பெயர் இருக்கிறது. அந்தத் தொடர்பால்தான் 1841இல் இங்கிலாந்தின் ஆலை நகரமான ரோச்டேல் இவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. ஐரிஷ் குடியானவனுக்காக ஓர் ஐரிஷ் நிலக்கிழார், ஆங்கில நெசவாலை நகரத்தின் இருக்கையில் அமர்ந்து பத்தாண்டுக்கு மேல் வாதாடினார் என்பதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

ஏன் தோற்றார் என்பதற்கு எண்கள் பாதி விடை சொல்லும். அன்றைய மக்களவையில் 658 பேர். அயர்லாந்துக்கு 105 இடம். அந்த 105 பேரிலும் நிலவுடைமைக் குடும்பத்தவர்களே மிகுதி. மேலே பிரபுக்கள் அவை, அங்கே நிலமே தகுதி. இந்த இரண்டையும் தாண்டித் தனிநபர் மசோதா ஒன்று சட்டமாவது எளிதல்ல. அரசாங்கம் கைகொடுக்காவிட்டால் விவாதத்துக்கு நேரம் கிடைப்பதே அரிது. கூட்டத்தொடர் முடிந்தால் மசோதாவும் முடிந்தது. அடுத்த ஆண்டு மறுபடி முதல் வாசிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுபாதி விடை புரியாமை. இங்கிலாந்தில் வீடு, கொட்டகை, வேலி, வடிகால் எல்லாவற்றையும் பெரும்பாலும் நிலக்கிழாரே போட்டுக் கொடுத்து, தயாரான பண்ணையைத்தான் குத்தகைக்கு விடுவார். அயர்லாந்தில் வெறும் தரையை விட்டார்கள். மற்றதெல்லாம் குடியானவர் பாடு. ஆங்கில உறுப்பினர் ஒருவர் தம் ஊர்ப் பண்ணையை மனத்தில் வைத்துக்கொண்டு கிராஃபோர்டின் பேச்சைக் கேட்டால், நிலக்கிழார் கட்டிய வீட்டுக்குக் குடியானவர் ஈடு கேட்பது போலத் தோன்றும். அல்ஸ்டர் செழிப்பாக இருப்பதற்கு இந்த வழக்கமே காரணம் என்று கிராஃபோர்ட் சொன்னபோது, அங்கே லினன் துணித் தொழில் இருப்பதுதான் காரணம் என்று எதிர்த்தரப்பு சொல்லியது. அதில் கொஞ்சம் உண்மை இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1843இல் அவர் மீண்டும் விடாப்பிடியாக மசோதாவைக் கொண்டுவந்ததும், பிரதமர் ராபர்ட் பீல் அரசுகள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்: விசாரணைக் குழு அமைத்தார். டெவன் பிரபுவின் தலைமையிலான அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் நிலக்கிழார்கள். குடியானவர் ஒருவரும் இல்லையே என்று ஓகானல் குத்திக்காட்டினார். ஆனாலும் குழு ஏனோதானோ என்று வேலை செய்யவில்லை. நாடு முழுக்கச் சுற்றி ஏறத்தாழ 1,100 பேரிடம் சாட்சியம் பதிந்தது. பல வட்டாரங்களில் கூலிக்காரர்களுக்கு உருளைக்கிழங்கைத் தவிர உணவில்லை, தண்ணீரைத் தவிரக் குடிக்க ஒன்றுமில்லை என்று 1845 பிப்ரவரியில் வந்த அறிக்கை எழுதியது. அந்த இலையுதிர்காலத்தில் கிழங்குச் செடிகள் கருகத் தொடங்கின.

பஞ்சத்தின் நடுவே இரண்டு வாக்கெடுப்புகள்

1845க்குப் பிந்தைய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841இல் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 66 லட்சத்துக்கு வந்தது. குடியானவருக்கு நிலத்தில் ஏதேனும் உரிமை உண்டா என்ற கேள்வி இப்போது உயிர்க் கேள்வி.

அல்ஸ்டர் வழக்கத்தை அயர்லாந்து முழுமைக்கும் சட்டமாக்கும் மசோதாவைக் கிராஃபோர்ட் 1847இல் கொண்டுவந்தார். ஆதரவு 25, எதிர்ப்பு 112.

அதே ஆண்டில் இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். டப்ளின் உறுப்பினர் வில்லியம் கிரெகரி கொண்டுவந்த திருத்தம் அது. ஆதரவு 117, எதிர்ப்பு 7. பசித்த குடும்பங்கள் நிலத்தை விட்டார்கள்; பல இடங்களில் அவர்கள் வெளியேறிய கையோடு கூரையையும் இடித்துவிட்டார்கள். இந்தக் கிரெகரிதான் பின்னாளில், 1872 முதல் 1877 வரை, இலங்கையின் ஆளுநர். நுவரெலியாவில் படகு விடும் கிரெகரி ஏரி இவர் பெயரால் அமைந்ததே. ஏரிக்கரையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கால் ஏக்கர் தெரியும்?

1847இன் இந்த இரண்டு வாக்கெடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்றைய நாடாளுமன்றத்தின் மனப்போக்கை விளக்க வேறு ஆவணம் தேவையில்லை.

இடையில் ஒரு பொதுத்தேர்தல் வந்துபோனது. 1848இல் கிராஃபோர்ட் மறுபடி எழுந்தார். இம்முறை ஆதரவு 122, எதிர்ப்பு 145. வெறும் 23 வாக்கு வித்தியாசம். அவருடைய வாழ்நாளில் வெற்றிக்கு மிக அருகில் போனது அப்போதுதான். ஆனால் அரசு வேறு மருந்தை நம்பியது. 1849இல் வந்த சட்டம், கடனில் மூழ்கிய பண்ணைகளை விரைவாக விற்க வழிசெய்தது. பணமுள்ள புதிய முதலாளி வந்தால் நிலம் செழிக்கும் என்பது எண்ணம். வந்த முதலாளிகள் பலர் முதலில் செய்தது குத்தகையை ஏற்றியதுதான்.

1850 ஆகஸ்டில் டப்ளினில் குத்தகையாளர் உரிமைச் சங்கம் பிறந்தது. வடக்கின் பிரஸ்பிட்டீரியன் போதகர்களும் தெற்கின் கத்தோலிக்கப் பாதிரியார்களும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். அயர்லாந்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு அரிய காட்சி என்று சொல்லத் தேவையில்லை. சார்ல்ஸ் கேவன் டஃபி, ஃபிரெடரிக் லூகஸ் போன்ற இளையவர்கள் நடத்திய அந்தச் சங்கம் கிராஃபோர்டைவிடக் கூடுதலாகவே கேட்டது. எனினும் நாடாளுமன்றத்தில் மசோதாவைத் தூக்கிச் செல்ல அவர்தான் தேவைப்பட்டார். 1852 மே மாதம் கடைசி முயற்சி: ஆதரவு 57, எதிர்ப்பு 167. அந்தக் கோடைத் தேர்தலில் சங்கத்தின் கொள்கைக்கு வாக்குக் கொடுத்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் அயர்லாந்திலிருந்து வென்றார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஜான் சாட்லியரும் வில்லியம் கியோவும் அரசுப் பதவி வாங்கிக்கொண்டு போனார்கள், அணி கலைந்தது. கேவன் டஃபி 1855இல் மனமொடிந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, பிறகு அங்கே விக்டோரியா மாகாணத்தின் பிரதமரே ஆனார்.

கிராஃபோர்ட் 1861 அக்டோபரில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நாடாளுமன்றம் நிலக்கிழார்–குத்தகையாளர் உறவு முழுக்க ஒப்பந்தத்தின்பாற்பட்டது என்று சட்டம் போட்டிருந்தது. வழக்கத்துக்கு அதில் இடமில்லை. 1865இல் பிரதமர் பாமர்ஸ்டன், குத்தகையாளரின் உரிமை என்பது நிலக்கிழாருக்கு இழைக்கும் அநீதி என்று அவையில் சொல்லாடினார். அவருக்கே அயர்லாந்தின் ஸ்லைகோவில் பெரிய பண்ணை உண்டு.

பிறகு நடந்தது

காற்று மாறியது 1868க்குப் பிறகு. புதிய பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துச் சிக்கலைப் படிக்கத் தொடங்கினார். அப்போது ஒரு விசித்திரமான துணை வந்தது. இந்தியாவில் நிலவரி நிர்வாகம் பார்த்த ஜார்ஜ் கேம்பல் 1869இல் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்து எழுதினார். ஒரே நிலத்தில் ஒருவருக்கு உடைமையும் இன்னொருவருக்கு இருப்புரிமையும் இருக்கலாம். இந்தியாவில் அப்படி இருக்கிறது, அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவர் வாதம். லண்டன் வழக்கறிஞர்களுக்கு விளங்காதது, வருவாய்த் துறைக் கணக்கைப் புரட்டியவருக்கு விளங்கியது.

1870ஆம் ஆண்டுச் சட்டம் அல்ஸ்டர் வழக்கத்தை, அது நடப்பில் உள்ள இடங்களில், நீதிமன்றம் ஏற்கும் உரிமையாக்கியது. மற்ற இடங்களில் மேம்பாட்டுக்கும் வெளியேற்றத்துக்கும் ஈடு. கிராஃபோர்ட் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது; ஆனால் 35 ஆண்டு தாமதமாக. குத்தகைக்கு வரம்பு வைக்காததால் பழைய ஓட்டை அப்படியே இருந்தது. பாக்கிக்காக வெளியேற்றினால் வெளியேற்றத்துக்கான ஈடும் பொதுவாகக் கிடையாது. குத்தகையை ஏற்றிவிட்டால் பாக்கி தானாக வரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

1870களின் இறுதியில் மறுபடி விளைச்சல் பொய்த்தது. 1879இல் மைக்கேல் டாவிட்டும் பார்னெலும் நிலச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் காரியஸ்தர் சார்ல்ஸ் பாய்காட்டோடு ஊரார் பேச்சு, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். உலகத்துக்கே ஒரு புதிய சொல் கிடைத்தது. 1881இல் கிளாட்ஸ்டன் பணிந்தார். மூன்று கோரிக்கைகளும் சட்டமாயின. குத்தகையை நிலக்கிழாரோ சந்தையோ அல்லாமல் நில நீதிமன்றம் 15 ஆண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கும்.

அதன்பின் அயர்லாந்தில் நிலக்கிழாராக இருப்பதில் ருசி போய்விட்டது. குத்தகையை ஏற்ற முடியாது, ஆளை வெளியேற்ற முடியாது. 1885இல் தொடங்கி 1903ஆம் ஆண்டுச் சட்டம்வரை, அரசு கடன் கொடுத்துக் குடியானவர்களே நிலத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகள் வந்தன. வடிகாலுக்கு விலை தர மறுத்த குடும்பங்கள் வயலையே விற்றுவிட்டுப் போயின. கிராஃபோர்ட் விரும்பியது இதையல்ல. நிலக்கிழாரும் குடியானவரும் நியாயமாகச் சேர்ந்து வாழ்வதைத்தான் அவர் கற்பனை செய்தார். அந்த அளவில் அவர் பழமைவாதி என்றுகூடச் சொல்லலாம். நிலமே இல்லாத கூலிக்காரருக்கு அவருடைய மசோதாக்களில் ஒன்றுமில்லை என்பதும் உண்மை.

ஒன்றை விட்டுவிட்டேன். 1852 தேர்தலில் கிராஃபோர்ட் ரோச்டேலை விட்டுவிட்டுச் சொந்த மண்ணான டவுன் மாவட்டத்தில் நின்றார். அப்போது வாக்களிப்பு ரகசியமல்ல. குடியானவர் அதிகாரி முன் நின்று யாருக்கு வாக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரின் ஆட்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். லண்டன்டெரி, டவுன்ஷயர் போன்ற பிரபுக் குடும்பங்களின் செல்வாக்கு ஓங்கியிருந்த மாவட்டம் அது. 17 ஆண்டுகள் தங்களுக்காகப் பேசியவர் அந்தக் குடியானவர்களின் ஊரிலேயே தோற்றுப்போனார்.

ரகசிய வாக்களிப்புச் சட்டம் 1872இல் வந்தது. 1874இல் நடந்த பொதுத்தேர்தலில் டவுன் மாவட்டத்தின் இரண்டு இடங்களில் ஒன்று வழக்கம்போல டவுன்ஷயர் குடும்பத்துக்குப் போனது. மற்றொன்றில், குத்தகையாளர் உரிமையைச் சொல்லி நின்று வென்றவர் பெயர் ஜேம்ஸ் ஷார்மன் கிராஃபோர்ட். வில்லியமின் மகன்.